பழைய ஃபியட் காரில் துருப்பிடித்த தகட்டை மாற்றுதல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மும்பையின் குர்லா ஆலையிலிருந்து 1964 முதல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரிலும், எழுபதுகளில் பிரசிடென்ட், பத்மினி என்ற பெயர்களிலும் வெளிவந்த கார்களுக்குத் தனியான சேசிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. மடித்துப் பற்றவைக்கப்பட்ட தகடுகளே ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வண்டியின் எடையையும் சாலையின் அதிர்ச்சியையும் ஏற்கின்றன. ஆகவே இந்த வண்டிகளில் துருவை வெறும் தோற்றக் குறையாகக் கருதி, ஓட்டைக்கு மேல் ஒரு தகட்டை ஒட்டிப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசி மறைப்பதை ஒருபோதும் ஏற்க முடியாது. அம்பாசடருக்கும் இதே அமைப்புத்தான். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு அடியில் தனிச் சேசிஸ் இருப்பதால், கதவு வாசலைத் தாங்குவது பற்றிக் கீழே சொல்லப்படுபவை அதற்கு அதே கடுமையுடன் பொருந்தா, மற்றவை பொருந்தும்.

துரு கண்ணில் படும் இடமும் அது தொடங்கிய இடமும் பெரும்பாலும் வெவ்வேறாக இருக்கும். தகடு மாற்றும் வேலையில் எழும் கோளாறுகளும் அப்படித்தான்: வெல்டிங்கின்போது தெரியும் குறை வெட்டும்போதே உண்டானதாக இருக்கலாம், பெயிண்டில் தெரியும் குறை வெல்டிங்கின்போது உண்டானதாக இருக்கலாம். அதனால் இங்கே ஒவ்வோர் அறிகுறியும் அது பிறந்த கட்டம் வரை பின்னோக்கித் தொடரப்படுகிறது.

கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு காரியங்களை முடித்துவிட வேண்டும். முதலாவது, சேசிஸ் எண் பொறிக்கப்பட்ட தகடும் அடையாளத் தகடும் எங்கே உள்ளன என்று பார்த்துப் படமெடுத்து வைப்பது. அந்தப் பகுதியை வெட்டவோ தேய்க்கவோ கூடாது. முதல் பதிவு செய்து 50 ஆண்டுகள் கடந்த கார்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்ய 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இடம் தரப்பட்டது. ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. எனவே பழைய தகட்டின் மடிப்பு, துளை, ஸ்பாட் வெல்டின் (தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைத்த பற்றவைப்பின்) இடைவெளி ஆகியவற்றை அளவுகோல் வைத்துப் படமெடுத்துக்கொள்வதும், புதிய தகட்டை அதே வடிவில் அமைப்பதும் சான்றுக்கும் உதவும்.

இரண்டாவது, தீ. பேட்டரியைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்கையும், வேலை நடக்கும் இடத்தை ஒட்டி ஓடும் பெட்ரோல் குழாயையும் வண்டியிலிருந்து அகற்றிவிட வேண்டும். காலி டேங்கில் தங்கும் ஆவி, பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. தரையின் அடிப்புறத் தார்ப்பூச்சும், உள்ளே விரித்த சணல் விரிப்பும் வெல்டிங் வெப்பத்தில் கனன்று, நாம் வேலையை முடித்துப் போன பிறகு தீப்பற்றக்கூடும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் தகட்டைத் துடைத்துவிட்டு அதன்மேல் வெல்டு செய்தால் ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயு உண்டாகும். தகட்டைத் துடைக்கக் குளோரின் இல்லாத கரைப்பானையே பயன்படுத்தி, அது முற்றிலும் ஆவியான பிறகே வெல்டு செய்ய வேண்டும்.

அறிகுறி: பெயிண்டில் கொப்புளம்

கதவின் கீழ் விளிம்பிலும், மட்கார்டின் பின்முனையிலும், டிக்கி ஓரத்திலும்தான் இது முதலில் தெரியும். ஒரு கொப்புளத்தைக் கத்தி முனையால் திறந்து பாருங்கள். உள்ளே தகடு கெட்டியாக இருந்து, துரு மேற்பரப்பில் மட்டும் பரவியிருந்தால், அது கல்லடி பட்ட இடத்திலிருந்து பெயிண்டின் அடியில் ஊர்ந்த துரு. தேய்த்து, எப்பாக்ஸி பிரைமர் (ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சு) பூசினால் போதும். பழுப்புத் தூளும் செதிலும் கொட்டி, குத்தூசி எளிதாக இறங்கினால், துரு உள்பக்கத்திலிருந்து வெளியே வந்திருக்கிறது. அப்படியானால் கண்ணுக்குத் தெரியும் ஓட்டையைப்போல் பல மடங்கு பரப்பு உள்ளே மெலிந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

பெயிண்ட் நன்றாக இருக்கும் இடத்தையும் நம்பிவிடக் கூடாது. மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைக் கீழ்ப்பகுதி நெடுக நகர்த்தினால், பட்டி தடிமனாக உள்ள இடத்தில் அது பிடிப்பை இழக்கும். சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டினால் நல்ல தகடு கணீரென்றும், பட்டியும் துருவும் சேர்ந்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். இப்படிக் கண்டறிந்த எல்லையை மார்க்கரால் வரைந்துகொண்டு, அதற்கு அப்பால் குறைந்தது 25 மி.மீ. தள்ளி, இரண்டு பக்கமும் பளபளப்பான இரும்பு தெரியும் இடத்தில்தான் வெட்டுக்கோடு அமைய வேண்டும்.

கதவின் அடியில் துரு வருவதற்குக் காரணம் மேலே இருக்கிறது. கண்ணாடியை ஒட்டிய பீடிங் (ரப்பர்ப் பட்டை) காய்ந்து வெடித்தால் மழைநீர் கதவுக்குள் இறங்கும். அது எப்போதுமே ஓரளவு இறங்கத்தான் செய்யும் என்பதால்தான் கதவின் அடியில் வடிதுளைகள் வைத்திருக்கிறார்கள். அவை மண்ணாலோ முந்தைய பெயிண்டாலோ அடைபட்டிருந்தால் கதவு தண்ணீர்த் தொட்டியாகிவிடும். துளையைத் திறக்காமலும் பீடிங்கை மாற்றாமலும் கதவுத் தகட்டை மட்டும் மாற்றினால் துரு அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

அறிகுறி: தரை நனைகிறது, மிதித்தால் அமுங்குகிறது

பிளாட்பாரத் தகட்டை, அதாவது தரைத்தகட்டை வெட்டுவதற்கு முன் ஈரத்தின் வழியைக் கண்டுபிடியுங்கள். விரிப்பை முழுதாக எடுத்துவிட்டு, ஈரத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். வழவழப்பாக இருந்து, சுற்றிலும் பெயிண்ட் உரிந்திருந்தால் அது பிரேக் எண்ணெய். அந்தக் கசிவை நிறுத்தும் வரை வண்டியை ஓட்டவே கூடாது. தண்ணீராக இருந்தால், ஒருவர் உள்ளே டார்ச்சுடன் அமர, மற்றொருவர் வெளியே ஹோஸ் குழாயால் மெல்லிய ஓட்டமாக நீர் விட வேண்டும். கீழிருந்து மேலாகச் செல்வது முக்கியம்: முதலில் கதவடி, பிறகு கதவு ரப்பர், அதன்பின் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத்துளைப் பகுதி, கடைசியாகக் கண்ணாடியின் ரப்பர். ஒவ்வொரு மட்டத்திலும் சில நிமிடங்கள் நிறுத்துங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும். எது கசிந்தது என்று தெரியாமல் போகும்.

தரைக்கு 18 அல்லது 20 கேஜ் குளிருருட்டுத் தகடு, அதாவது கடைகளில் சிஆர்சிஏ என்று கேட்டால் கிடைப்பது, பொருத்தமானது. 20 கேஜ் சுமார் 0.9 மி.மீ., 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ. இருப்பினும் எண்ணை நம்பாமல், பழைய தகட்டில் துருவேறாத ஓரிடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு அளந்து, அதே தடிமனை வாங்குவது நல்லது. துத்தநாகம் பூசிய தகடு துருவைத் தாங்கும் என்று சிலர் அதைத் தேர்வது உண்டு. வெல்டு செய்யும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும். பூச்சும் வெல்டுக்கோட்டில் எரிந்து போய்விடும், அந்தக் கோட்டில்தானே பாதுகாப்பு தேவை. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

தரையில் அசலாக இருந்த வரிமேடுகளை விட்டுவிட்டுத் தட்டையான தகட்டைப் பற்றவைப்பது பட்டறைகளில் பரவலாக நடக்கிறது. அந்த மேடுகள் அலங்காரத்துக்காக அமைந்தவை அல்ல. மெல்லிய தகட்டுக்கு விறைப்பைத் தருபவை அவையே. அவை இல்லாத தரை ஓடும்போது அதிரும், இருக்கை பொருந்தும் இடங்களில் நாளடைவில் விரிசல் விடும். மேடுகளை மடித்து அமைக்கும் வசதி இல்லையென்றால், சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் நல்ல நிலையில் உள்ள வேறொரு வண்டியின் தரைத்துண்டைத் தேடுவதே சரி. வாங்கும்போது தேவையான அளவைவிட நாற்புறமும் தாராளமாக வெட்டித் தரச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஜாக்கி வைத்தால் நொறுங்குகிறது, கதவு தொங்குகிறது

பட்டறையில் ரன்னிங் போர்டு என்று சொல்லப்படும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி உளுத்துப் போயிருக்கிறது என்பதையே இது காட்டுகிறது. இந்த வேலையில் மிகுந்த நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். தனிச் சேசிஸ் இல்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்திருப்பதில் இந்தப் பெட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. அதை அப்படியே வெட்டி எடுத்தால் வண்டி நடுவில் தொய்யும். தொய்ந்த நிலையிலேயே புதிய தகட்டைப் பற்றவைத்தால் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும், அதற்குப் பிறகு எந்தக் கதவும் சரியாக மூடாது.

முதலில் நான்கு கதவுகளையும் மூடி, ஒவ்வொரு இடைவெளியையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கதவு வாசல்களின் மூலைவிட்ட அளவுகளை இரு பக்கமும் எடுத்து ஒப்பிடுங்கள். வண்டியைச் சமதரையில், அதன் எடை வழக்கமாக இறங்கும் இடங்களிலேயே, அதாவது முன் சஸ்பென்ஷனும் பின் அச்சும் உள்ள இடங்களில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்த வேண்டும். நடுவில் ஒரே ஜாக்கியில் தூக்கி நிறுத்துவது கூடவே கூடாது. ஏற்கெனவே கதவு தொங்கியிருந்தால், கீல் தேய்ந்ததா பாடி தொய்ந்ததா என்று பிரித்தறிய வேண்டும்: திறந்த கதவின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கீலில் ஆட்டம் தெரிகிறதா என்று பாருங்கள், கீல் இறுக்கமாக இருந்தும் இடைவெளி மேலே குறுகி, கீழே விரிந்திருந்தால் பாடிதான் தொய்ந்திருக்கிறது. அந்தத் தொய்வை ஸ்டாண்டுகளுக்கிடையே ஜாக்கியால் மெல்ல உயர்த்தி, பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

அடுத்து முட்டுக்கொடுத்தல். 25 மி.மீ. சதுரக் குழாயைக் கூரையைத் தாங்கும் முன்தூணிலிருந்து நடுத்தூணுக்கும், அங்கிருந்து பின்தூணுக்கும், குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கும் பற்றவைக்க வேண்டும். குழாய்கள் வாசலுக்குள் குறுக்கிடாமல் உள்பக்கமாக அமைந்தால், வேலையின் நடுவே கதவை மாட்டி மூடிப் பார்க்க முடியும். அந்த வசதி மிகவும் மதிப்புடையது. பிறகு ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை முழுதாக முடித்து, அளவுகளைச் சரிபார்த்த பின்பே மறுபக்கத்தைத் தொட வேண்டும். வெளித்தகட்டை எடுத்ததும் உள்தகடும் உளுத்திருப்பது தெரிந்தால், உள்தகட்டை முதலில் மாற்றி, அதன் உள்முகத்துக்குப் பிரைமர் பூசி, அதன்பின் வெளித்தகட்டை மூடுங்கள். இரண்டு அடுக்குகளின் இணைப்புக்கோடுகளும் ஒரே நேரில் வரக் கூடாது.

பழைய தகட்டைப் பிரிக்கும்போது ஸ்பாட் வெல்டுகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் சிறு குழிகளாகத் தெரியும். 8 மி.மீ. ஸ்பாட் வெல்டு டிரில்லால் மேல்தகட்டை மட்டும் துளைத்து, மெல்லிய உளியால் நெம்புங்கள். அடித்தகட்டையும் சேர்த்துத் துளைத்துவிட்டால் புதிய தகட்டைப் பிடிக்க நல்ல இரும்பு அங்கே இருக்காது.

அறிகுறி: புதிய தகடு பொருந்தவில்லை

தகட்டைத் தட்டி வளைக்கத் தொடங்குவதற்கு முன், அசையும் நிலையில் இருப்பது தகடா வண்டியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூலைவிட்ட அளவு முன்பு எழுதியதோடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகாவிட்டால் முட்டு நகர்ந்திருக்கிறது. ஒத்துப்போனால் தகட்டின் மேல்தான் குறை. புதிதாக மடித்த தகடுகளில் மடிப்பின் ஆரம் அசலைவிடப் பெரிதாக அமைந்து, விளிம்பு சில மி.மீ. வெளியே தள்ளி நிற்பது வழக்கமாகக் காணும் குறை. மடிப்பை டாலி (பின்னாலிருந்து அடியைத் தாங்கும் இரும்புக்கட்டை) வைத்துச் சுத்தியலால் கூராக்குவதே திருத்தம். விளிம்பைத் தேய்த்துச் சிறிதாக்குவதன்று.

சில திருகாணிகளாலும் கிளாம்பாலும் தகட்டை நிறுத்தி, கதவையும் மட்கார்டையும் மாட்டி, பத்தடி தள்ளி நின்று கோடுகள் தொடர்கின்றனவா என்று பாருங்கள். மாற்றாத பக்கத்தின் இடைவெளிதான் அளவு.

அறிகுறி: வெல்டு செய்யும்போது ஓட்டை விழுகிறது

மின்னோட்டத்தைக் குறைப்பதற்கு முன் காரணத்தைப் பாருங்கள். ஓட்டை எப்போதும் பழைய தகட்டின் பக்கமே விழுந்தால், அங்கே இரும்பு மெலிந்திருக்கிறது. வெட்டுக்கோடு இன்னும் உள்ளே போக வேண்டும். மெலிந்த விளிம்பில் வெல்டை நிரப்பி நிரப்பிச் சமாளிப்பது வீண் உழைப்பு. இரண்டு பக்கமும் விழுந்தால் இடைவெளி அகலமாக இருக்கலாம். முட்டுமுட்டாகச் சேரும் இணைப்பில் இடைவெளி தகட்டின் தடிமனைத் தாண்டக் கூடாது. பொரிவதும் குமிழிப்பதும் தெரிந்தால் பின்பக்கத்தில் பெயிண்டோ தாரோ துருவோ எஞ்சியிருக்கிறது என்று பொருள்.

இவை மூன்றும் இல்லையென்றால் கருவியைப் பாருங்கள். மிக் வெல்டிங்கில் (வாயுச் சூழலில், தானாக நகர்ந்துவரும் கம்பியால் பற்றவைக்கும் முறையில்) 0.6 மி.மீ. கம்பி மெல்லிய தகட்டுக்கு மிகவும் ஏற்றது, 0.8 மி.மீ. கம்பியாலும் பழகியவர்கள் நன்றாகச் செய்வார்கள். தனிக் கார்பன் டை ஆக்சைடு வாயு ஆழமாக ஊடுருவி அதிகம் தெறிக்கும். ஆர்கான் கலந்த வாயு மெல்லிய தகட்டுக்கு நிதானமானது. பின்னால் ஒரு செம்புக்கட்டையை அழுத்திப் பிடித்தால் அது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்; வெல்டும் அதில் ஒட்டாது. எந்த அமைப்பானாலும் அதே தகட்டின் கழிவுத்துண்டில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு வண்டிக்கு வாருங்கள்.

அறிகுறி: தகடு நெளிந்துவிட்டது, அழுத்தினால் டப்பென்று உள்ளே போய் வெளியே வருகிறது

வெல்டு ஆறும்போது சுருங்குகிறது. சுற்றியுள்ள தகட்டை இழுத்துக்கொள்கிறது. தொடர்ச்சியாக ஒரே கோடாக வெல்டு போட்டால் இந்தச் சுருக்கம் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும். எனவே 25 முதல் 30 மி.மீ. இடைவெளியில் புள்ளிகளாக வைத்து, ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே எதிர்முனைக்குத் தாவி, கை வைத்துத் தொடும் அளவுக்கு ஆறிய பிறகே பக்கத்துப் புள்ளியை வைக்க வேண்டும். ஈரத்துணி போட்டு அவசரமாகக் குளிர்விப்பது சுருக்கத்தை மிகுவிக்கும்.

நெளிந்த பின் செய்ய வேண்டியது, மேடாகத் தெரியும் இடத்தை அடிப்பதன்று. குறை வெல்டுக்கோட்டில் இருக்கிறது. அது சுருங்கியதால்தான் பக்கத்திலுள்ள தகடு இடமின்றிப் புடைத்திருக்கிறது. வெல்டின் மேட்டைத் தகட்டோடு கிட்டத்தட்டச் சமமாகத் தேய்த்து, பின்னால் டாலியை நேராகப் பிடித்து, வெல்டின் மேலேயே சிறு அடிகளாக அடித்து அதை நீட்டுங்கள். சில அடிகளுக்கு ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். புடைப்பு தானாகவே அடங்கி வருவது தெரியும். மிக் வெல்டு கடினமானது என்பதால் இதற்கு நேரம் பிடிக்கும். கேஸ் வெல்டு செய்த கோடு மென்மையாக இருப்பதால் சுத்தியலுக்கு எளிதாக இணங்கும். ஆனால் அதன் வெப்பம் பரந்து பாய்வதால் நெளிவும் மிகுதி. வெளித்தகடுகளில் கேஸ் வெல்டிங்கை நன்கு தேர்ந்த டிங்கர் கையில் மட்டுமே ஒப்படைக்க வேண்டும்.

இணைப்புக்கோடு தட்டையான பரப்பின் நடுவில் இருந்ததா என்றும் பாருங்கள். நடுப்பரப்புக்கு விறைப்பு இல்லாததால் அங்கே நெளிவு மிகும். மடிப்புக்கோட்டை ஒட்டி இணைப்பு வந்தால் மடிப்பே தகட்டைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டுத்துண்டின் மூலைகளை வளைவாக வெட்டினால் அங்கே இழுவிசை குவியாது.

அறிகுறி: வேலை முடிந்து ஓராண்டுக்குள் வெல்டுக்கோடு நெடுகத் துரு

மூன்று காரணங்களுள் ஒன்றாக இருக்கும். வெல்டில் ஊசித்துளைகள் இருந்திருக்கலாம்; இருட்டில் பின்னால் ஒரு விளக்கை வைத்துப் பார்த்திருந்தால் அவை நட்சத்திரங்களாகத் தெரிந்திருக்கும். அவற்றை வெல்டால்தான் அடைக்க வேண்டும், பட்டியால் அடைக்கக் கூடாது. பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சி இரும்பின் மேலேயே வைத்துக்கொள்ளும். அல்லது தகடு தகட்டின்மேல் ஏறி அமர்ந்த இணைப்பாக இருந்து, இடையிலுள்ள சந்தில் நீர் தங்கியிருக்கலாம். தரையில் இவ்வகை இணைப்பை இருபுறமும் சீம் சீலர் (இணைப்புச் சந்தை அடைக்கும் பசை) பூசி ஏற்கலாம். வெளித்தகட்டில் ஏற்கக் கூடாது.

மூன்றாவது காரணமே அதிகம் காணப்படுவது: வெல்டின் பின்பக்கத்தை யாரும் தொடவே இல்லை. வெளியே எவ்வளவு நல்ல பெயிண்டு அடித்தாலும், உள்ளே பெயிண்டு எரிந்து வெறும் இரும்பாக நிற்கும் கோடு முதல் மழைக்காலத்திலேயே துருவேறும். திருத்தம், வரிசை தவறாமல் செய்வதில் இருக்கிறது. சுத்தமான இரும்பின்மேல் எப்பாக்ஸி பிரைமர், அது காய்ந்தபின் இணைப்புகளில் சீம் சீலர், அதன்மேல் மற்றப் பூச்சுகள், எல்லாம் முடிந்த பிறகு நீண்ட குழல் வழியாகப் பெட்டிப்பகுதிகளுக்குள் மெழுகு. மெழுகை முன்கூட்டியே தெளித்தால் அது வெளியே பரவி, பெயிண்டு பிடிக்காமல் கண் கண்ணாகப் பிரியும். துருமாற்றும் அமிலம் பயன்படுத்தியிருந்தால், அதைக் கழுவி உலர்த்தாமல் எப்பாக்ஸி பூசக் கூடாது. படலம் படலமாக உரியும்.

பட்டறைகளில் காலங்காலமாகப் பூசப்படும் ரெட் ஆக்சைடு பிரைமர் நீர்புகும் தன்மையுடையது. அதை மட்டும் அடித்துவிட்டு வண்டியை மாதக்கணக்கில் வெளியே நிறுத்துவது வெறும் தகட்டை நிறுத்துவதைவிட அதிகம் மேலானதன்று. கடலோர ஊர்களில் தேய்த்த இரும்பு ஓர் இரவிலேயே செம்பழுப்பாகும் என்பதால், அன்று திறந்த இரும்பை அன்றே பிரைமரால் மூட வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையைத் தொடங்காமலிருப்பது நலம்.

அறிகுறி: பட்டி வெடிக்கிறது

3 மி.மீ. தடிமனுக்கு மேல் பட்டி தேவைப்பட்டால் தகடு வேலை முடியவில்லை என்று பொருள். சுரண்டி எடுத்துவிட்டு, சுத்தியலும் டாலியும் கொண்டு மீண்டும் தொடங்க வேண்டும். மெல்லிய பட்டியும் வெடித்தால், அடியில் தகடு டப்பென்று அசைகிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

அறிகுறி: மழைக்குப் பின் ரன்னிங் போர்டுக்குள் தண்ணீர் குலுங்கும் ஓசை

புதிய தகட்டில் வடிதுளை போட மறந்திருக்கலாம், அல்லது போட்ட துளையைச் சீம் சீலரோ மெழுகோ அடைத்திருக்கலாம். துளை பெட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில், வண்டி சமதரையில் நிற்கும் நிலையில் அளந்து அமைய வேண்டும். இப்போது துளைக்க நேர்ந்தால், துளையின் விளிம்பிலும் உள்முகத்திலும் பிரைமர் தொட்டுக் காய்ந்த பின் மீண்டும் மெழுகு தெளித்து, அது உறைவதற்கு முன் துளைக்குள் ஒரு கம்பியைச் செலுத்தித் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு மழைக்காலம் தொடங்கும் முன்பும் அதே கம்பியால் எல்லா வடிதுளைகளையும் ஒருமுறை குத்திப் பார்த்து, பிறகு கதவடியில் சிறிது நீரை ஊற்றி, அது தடையின்றிச் சொட்டி வெளியேறுகிறதா என்று சரிபார்க்கவும்.